48 வயதில் வந்த கமரா

சென்ற வருடம் எமது கல்லூரி மண்டபத்தில், உயர்தர மாணவிகளுக்காகப் பழைய மாணவிகள் சங்கம் ஒரு தொழில் வழிகாட்டல் நிகழ்ச்சியை நடத்தியது. மேடையில் நாங்கள் ஆறு பேர். வைத்தியர் இருவர், பொறியியலாளர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர், வங்கி முகாமையாளர் ஒருவர், ஓர் அதிபர். கேள்வி நேரத்தில் கலைப்பிரிவுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, புகைப்படம் எடுப்பதையே தொழிலாக வைத்து ஒரு பெண் வாழலாமா என்று கேட்டாள். மண்டபம் சிரித்தது. நாங்களும் கொஞ்சம் சிரித்தோம். நல்ல பொழுதுபோக்குத்தான், முதலில் ஒரு பட்டத்தை எடு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்ற ஐவரும் தலையாட்டினோம். பிள்ளை நன்றி சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டாள்.

உட்துறைமுக வீதியால் வீடு திரும்பும்போதே அது உறுத்தத் தொடங்கியது. எங்கள் சிறுவயதில் நகரத்து ஸ்ரூடியோக்களில் படம் எடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அப்பாவோடு போய், நாடியை நிமிர்த்தச் சொன்னால் நிமிர்த்தி, மூச்சை அடக்கி இருந்துவிட்டு வந்தோம். கமராவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பெயர் இருந்தது. மேடையில் அது நினைவுக்கு வரவில்லை. அந்தக் குறையை இந்த நூற்றாண்டு மலரில் தீர்த்துக்கொள்ளுகிறோம்.

லண்டனில் மேற்பயிற்சி பெற்ற ஆண்டில், அங்கே குடியேறிவிட்ட வகுப்புத் தோழியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்ரோறியா அல்பேட் நூதனசாலைக்குப் போயிருந்தோம். ஒரு சுவர் நிறைய முகங்கள். வழுவழுப்பாக்கப்பட்ட ஸ்ரூடியோ முகங்கள் அல்ல. இருளிலிருந்து மெல்ல வெளியே வரும், சற்றே கலங்கிய, பெரிய முகங்கள். எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கமரன். பிறந்தது கல்கத்தா, 1815. இறந்தது இலங்கை, 1879. இரண்டாவது வரியைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கமரன் என்ற பெயர் வரலாற்றுப் பாடத்தில் எங்களை வருத்திய பெயர்தானே. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்கள்! அந்தக் கமரனின் மனைவிதான் இவர்.

ஜூலியா அம்மையார் 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி, தாய் பிரெஞ்சு வழி வந்தவர். வீட்டில் வளர்ந்த பெண்கள் ஏழு பேர். சகோதரிகளின் அழகு கல்கத்தாவிலும் பின்பு லண்டனிலும் பேசப்பட்டது. ஜூலியாவை மட்டும் யாரும் அழகி என்று சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் அழகைத் தேடி அலைந்தவர் இவர் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம். படிப்பு பிரான்ஸில், பாட்டியாரின் வீட்டில். 1836இல் உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குப் போனபோது, அவருடைய வாழ்வைத் தீர்மானித்த இருவரை அங்கே சந்தித்தார். ஒருவர் தென்வானத்து நட்சத்திரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானி சேர் ஜோன் ஹேர்ஷல். மற்றவர் சார்ள்ஸ் ஹே கமரன்.

சார்ள்ஸ் அவரைவிட 20 வயது மூத்தவர், சட்ட அறிஞர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இலங்கையின் நீதித்துறையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். அந்த ஆணைக்குழுவின் சிபாரிசுகளின்படி 1833இல் நாடு முழுவதும் ஒரே நிருவாகமாக்கப்பட்டு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. நமது திருகோணமலை கிழக்கு மாகாணத்துக்குள் வந்தது அப்போதுதான். இருவரும் 1838இல் கல்கத்தாவில் மணம் முடித்தனர். சார்ள்ஸ் இந்தியாவின் உயர் ஆட்சிச் சபையின் சட்ட உறுப்பினராகவும் இருந்து, 1848இல் ஓய்வு பெற்றார். குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. ஆனால் அவருடைய மனம் இலங்கையிலேயே இருந்தது. இங்கே கோப்பித் தோட்டங்களை வாங்கினார். 1860இல் வைட் தீவில் பிரெஷ்வோட்டர் என்ற ஊரில் அவர்கள் குடியேறிய வீட்டுக்கு டிம்போலா என்று பெயர். நமது மலைநாட்டுத் திம்புலதான் அது.

அதுவரைக்கும் அவருடைய வாழ்க்கை ஒரு பெரிய குடும்பத்தின் தாயுடைய வாழ்க்கை. தான் பெற்ற பிள்ளைகள் ஆறு பேர். அவர்களோடு உறவினர் பிள்ளைகளும், வீதியில் பிச்சை எடுத்த மேரி ரயன் என்ற ஐரிஷ் சிறுமியும் அந்த வீட்டில் வளர்ந்தார்கள். 1863 டிசெம்பரில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், வீடு வெறித்துக் கிடந்தது. அம்மா தனிமையில் இருக்கிறாரே என்று மகளும் மருமகனும் ஒரு கமராவை வாங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபோக்குக்காக. அப்போது அவருக்கு 48 வயது.

அந்தக் காலத்து கமராவைக் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டைத் துடைத்துச் சுத்தமாக்கி, அதன்மேல் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஒரே சீராக ஓடவிட வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன்னர் கமராவுக்குள் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காயுமுன்னரே இருட்டறைக்குத் திரும்பி உருத்துலக்க வேண்டும். எதிரே இருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். வைத்தியத் துறையில் உள்ளவர்களுக்கு வெள்ளி நைத்திரேற்றைத் தெரியும். பிறந்த குழந்தையின் தொப்புளில் சதை வளர்ந்தால் அந்தக் குச்சியைத்தான் தொடுகிறோம். கவனமில்லாமல் பிடித்தால் விரல் கறுத்துப்போய் நாட்கணக்கில் கழுவினாலும் போகாது. அம்மையாரின் கைகளும் உடுப்புகளும் எப்போதும் அப்படித்தான் கறுத்திருந்தன. அந்தக் கறையைப் போக்க அக்காலத்துப் படக்காரர்கள் பொற்றாசியம் சயனைட்டைக் கையாண்டார்கள் என்பதை வாசிக்கும்போது எங்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அவருக்குக் கற்பிக்க எவரும் இருக்கவில்லை. நிலக்கரி போட்டு வைத்த அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் காலியாக்கிக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாக்கினார். எத்தனையோ தகடுகள் பழுதாயின. ஒரு மாதத்துக்குச் சற்று மேலானதும், 1864 ஜனவரி இறுதியில், அயலில் இருந்த அனி பில்பொட் என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. தன்னுடைய முதல் வெற்றி அதுவே என்று அவர் குறித்து வைத்தார்.

நமது மாணவிகள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. அந்த ஆண்டிலேயே லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். படங்களைப் பதிப்புரிமைப் பதிவேட்டில் பதியத் தொடங்கினார். புகைப்படத்துக்கும் உரிமை உண்டு என்ற சட்டம் பிரித்தானியாவில் 1862இல்தான் வந்திருந்தது. சட்டத்தரணியின் மனைவிக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் 500க்கும் அதிகமான படங்களைப் பதிந்தார். கொல்நாகி என்ற புகழ்பெற்ற படவிற்பனை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து படங்களை விற்பனைக்கு வைத்தார். பெரிய மனிதர்களைப் படம் எடுத்தால், படத்தின் அடியில் அவர்களிடமே கையொப்பம் வாங்கிவிடுவார். கையொப்பம் உள்ள பிரதிக்குக் கூடுதல் விலை. 1865இல், கமரா கைக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகுமுன்னர், லண்டன் சவுத் கென்சிங்டன் நூதனசாலை அவருடைய 80 படங்களை விலைக்கு வாங்கியது. நாங்கள் நின்று பார்த்த அதே நூதனசாலைதான். 1868இல் அங்கேயே இரண்டு அறைகளைப் படப்பிடிப்புக்காக அவருக்குக் கொடுத்தார்கள். பேர்லின் கண்காட்சியில் 1866இல் தங்கப் பதக்கம்.

இவ்வளவுக்கும் நடுவில் அவரைப் பழகுநர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். படங்கள் கலங்கியிருக்கின்றன, தகட்டில் விரல் அடையாளமும் கீறலும் தெரிகின்றன, இந்த அம்மாவுக்குக் கமராவைக் கையாளத் தெரியவில்லை என்று புகைப்படச் சஞ்சிகைகள் எழுதின. ஓவியர்களும் கவிஞர்களும் போற்றினார்கள், தொழிற்காரர்கள் நகைத்தார்கள். கூர்மை எங்கே போதுமென்று தனக்குப் படுகிறதோ அங்கே வில்லையைத் திருகுவதை நிறுத்திவிடுவது அவருடைய வழக்கம். குறையைத் திருத்தும்படி சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் 1866இல் வாங்கிய இன்னும் பெரிய கமரா. 15க்கு 12 அங்குலத் தகடு. முகம் கிட்டத்தட்ட உயிரளவில் விழும். ஹேர்ஷலை அந்தக் கமராவின் முன் இருத்தியபோது, வெள்ளைத் தலைமயிரைக் கழுவி உலர்த்திக் கலைத்துவிட்டார். 1867ஆம் ஆண்டின் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கிழவரின் கண்களை மறக்கமாட்டார்கள். கார்லைல், டெனிசன், டார்வின் எல்லோரும் அந்தக் கமராவின் முன் அசையாமல் இருந்தவர்கள். டார்வின் குடும்பம் 1868 கோடையில் அம்மையாருடைய வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியபோது எடுத்த படம் உலகம் முழுவதும் போனது.

பணம் தேவையில்லாத சீமாட்டியின் விளையாட்டு என்று நினைத்துவிடக்கூடாது. தோட்டங்களிலிருந்து வருமானம் ஒழுங்காக வரவில்லை. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. ஒரு பூஞ்சணம். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பியையே இந்த நாட்டிலிருந்து துடைத்துவிட்ட நோய் அது. படங்கள் விற்க வேண்டும் என்ற கவலை அம்மையாருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் கணக்கைப் பார்த்தால், கண்ணாடி, இரசாயனம், கடதாசி, சட்டம், அனுப்பும் செலவு எல்லாம் போக மிஞ்சியது சொற்பம். அள்ளிக் கொடுத்த பிரதிகளும் ஏராளம். டெனிசனின் காவியத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். அது சிறிய மரச்செதுக்குப் படங்களாக அச்சானதைக் கண்டு மனம் பொறாமல், 1874இலும் 1875இலும் தன் செலவிலேயே பெரிய அளவில் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். கலைக்கு அது வெற்றி, பெட்டிக்கு அல்ல. தொழில் என்று தொடங்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியையும் வாசிக்க வேண்டும். உரிமையைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு விலை போடத் தெரியவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

பெரிய மனிதர்களை விட்டால், அவர் அதிகம் எடுத்தது பெண்களை. வீட்டு வேலைக்கு இருந்த மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக எத்தனையோ படங்களில் இருக்கிறாள். மேரி ரயனின் கதை இன்னும் விசேஷமானது. 1865இல் கண்காட்சியில் அவளுடைய படத்தையும் அங்கே நின்ற அவளையும் கண்ட ஹென்றி கொட்டன் என்ற இளைஞர், 1867இல் அவளையே மணந்து இந்தியாவுக்கு அழைத்துப்போனார். அவர்தான் 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்த சேர் ஹென்றி கொட்டன். அம்மையாரின் சகோதரி மகள் ஜூலியா ஜக்சனின் முகமும் பல படங்களில் வருகிறது. எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் தாயார் அவர். மறந்துபோயிருந்த பெரிய பாட்டியாரின் படங்களை 1926இல் புத்தகமாக்கி மீட்டவர்களில் வூல்ஃபும் ஒருவர்.

1873இல் மகள் பிள்ளைப்பேற்றில் இறந்தாள். கமராவைக் கொடுத்த அதே மகள். இரண்டு ஆண்டு கழித்து, 1875 ஒக்ரோபரில், 60 வயதில் அம்மையார் வீட்டைக் கட்டிக்கொண்டு கணவரோடு இலங்கைக்குக் கப்பலேறினார். சார்ள்ஸுக்கு 80. மகன்மாரும் தோட்டங்களும் இங்கே. சாமான்களோடு ஒரு பசுவும், தங்கள் இருவருக்கும் இரண்டு சவப்பெட்டிகளும் ஏறின. இங்கே நல்ல பெட்டி கிடைக்குமோ என்ற ஐயம் போலும்.

களுத்துறையில் கடலோரம் வீடு. கமராவும் கூட வந்தது. ஆனால் இந்த நாட்டு வெயிலில் கொலோடியனில் உள்ள ஈதர் நொடியில் ஆவியாகிவிடும். தகட்டை எடுத்து வைப்பதற்குள் காய்ந்துபோகும். இரசாயனங்கள் கப்பலில் வர வேண்டும். வாங்க ஆளும் இல்லை. ஆண்டுக்கு நூறு என்று படம் எடுத்தவர் இங்கே கழித்த மூன்று ஆண்டுகளில் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. 1877 ஜனவரியில் மரியான் நோர்த் என்ற தாவர ஓவியர் விருந்தினராக வந்தபோது, அவருக்குக் கம்பளிச் சால்வையைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, உச்சி வெயிலில் தென்னை ஓலைகளின் கீழே அசையாமல் நிறுத்திப் படம் எடுத்தார். வேலைக்காரர் ஒருவரின் முதுகின் அழகைக் கண்டு, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டம் இல்லை.

இதை வாசித்துச் சிரித்தோம். பிறகு அந்த இலங்கைப் படங்களைத் தேடிப் பார்த்தோம். களுத்துறைக் குடியானவர்கள் என்று ஒரு படம், 1878. சேலை சுற்றிய இளம் பெண்கள், தோட்டத் தொழிலாளர், வீட்டு வேலையாட்கள். நம்மவர்களின் முகங்கள். ஹேர்ஷலுக்கு விழுந்த அதே ஒளி, அதே மரியாதை. கேலிக்காகவோ வேடிக்கைப் பொருளாகவோ எடுக்கப்பட்டவை அல்ல. ஆனால் அடியில் பெயர் இல்லை. பிரெஷ்வோட்டரில் வேலைக்காரியாக இருந்த மேரி ஹில்லியரின் பெயரும் பிச்சைக்காரச் சிறுமி மேரி ரயனின் பெயரும் நமக்குத் தெரியும். 15 பதினாறு மைல் நடந்து வந்தாலும் அந்தக் களுத்துறைப் பெண்ணின் பெயரைச் சொல்ல இன்று ஒருவரும் இல்லை. தன் படங்களுக்கு உரிமைப் பதிவு வைத்தவர், ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். அம்மையாரை நாங்கள் நேசிக்கிறோம். இந்த இடத்தில் மட்டும் எங்களால் அவரை மன்னிக்க முடியவில்லை.

1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெயான் தோட்டத்தில், 63 வயதில் அவர் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய முற்றத்தில் அடக்கம். அடுத்த ஆண்டு சார்ள்ஸும் அருகே அடக்கமானார். கடைசி மகன் ஹென்றி பிற்காலத்தில் லண்டனில் புகைப்படக்காரராகத் தொழில் செய்தார். மலைநாட்டுக்குச் சுற்றுலா போகும் பழைய மாணவிகள், நுவரெலியாவில் ஸ்ட்ரோபரி வாங்கியது போதும், ஒரு தடவை பொகவந்தலாவைக்கும் போய் வாருங்கள்.

மண்டபத்தில் கேள்வி கேட்ட பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மலரின் வண்ணப் பக்கங்களில் உள்ள படங்களை எடுத்தவள் அவள்தான். வேலை முடிந்ததும் விலைப்பட்டியல் அனுப்பினாள். படித்த கல்லூரிக்குச் செய்யும் சேவைக்கும் காசா என்று குழுவில் ஒரு மாலை முழுவதும் வாதம். பந்தல் போட்டவருக்கும் அச்சகத்துக்கும் மறுபேச்சில்லாமல் கொடுத்தோமே என்று நாங்கள் சிலர் கேட்டோம். கொடுத்தோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்த நாட்டில் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை கொடுத்திருக்கிறது என்பதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவளும் அவளே. ஒவ்வொரு படத்தின் கீழும் அவளுடைய பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது, பாருங்கள்.

பழைய படங்களில் ஒன்று மட்டும் பாக்கி. இடப்பெயர்வுகளிலும் கடற்கோளிலும் தப்பி, ஒரு சகோதரி பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்து தந்த குழுப்படம். அட்டையின் பின்புறத்தில் ஸ்ரூடியோவின் முத்திரை தெளிவாக இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்துள்ள ஆசிரியைகளின் பெயர்களும் உண்டு. பின்னால் நிற்கும் மாணவிகளில் 11 பேரை மட்டுமே அடையாளம் கண்டிருக்கிறோம். வலது ஓரத்தில், சட்டத்துக்குள் பாதி வந்தும் பாதி வராமலும், வெள்ளைச் சேலையோடு கையில் மணியைப் பிடித்தபடி ஓர் ஆச்சி நிற்கிறார். எங்களுக்கு முந்திய வகுப்பினர் அவரை மணி ஆச்சி என்றே அழைத்திருக்கிறார்கள். அது பெயரல்ல. மொன்றியலிலோ மெல்பேணிலோ மட்டிக்களியிலோ இதை வாசிக்கும் எவருக்காவது அவருடைய பெயர் தெரிந்தால், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.